குளிக்காமல் வரவும்

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரருக்குக் கஞ்சி என்று பெயர் வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் சொல்ல எனக்கு வாய் வராது.

அவர் பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி மேஜையில் நிற்கிறவர். கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை மாதிரி விறைப்பாக நடப்பார். பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப மாட்டார். காலை நகர்த்தி, இடுப்பை நகர்த்தி, ஆளே மொத்தமாகத் திரும்பி நின்று "என்னக்கா?" என்பார். "அடேயப்பா, என்ன ஒரு தலைக்கனம், கழுத்தைத் திருப்பக்கூட மனசு வரலையே கஞ்சிக்கு" என்று ஒரு நாள் மாடிப்படியில் நின்று சொன்னேன். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த வாரம் தெருவே கஞ்சி என்றது.

நான் மேல்வீடு. பள்ளிக்கூட அலுவலகத்தில் மணி அடிப்பதிலிருந்து சாவி கொடுப்பது வரைக்கும் என் வேலை. தனி ஆள். தனி ஆளுக்குக் காது கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். கீழே குழாய் திறந்தால் எனக்குத் தெரியும், குக்கர் எத்தனை விசில் என்பது தெரியும், விடிவதற்கு முன்னால் யாரோ நடப்பதும் தெரியும். அந்த நடையைப் பற்றியும் நான் நாலு பேரிடம் பேசியிருக்கிறேன். "யாரோட போன்ல பேசுறாரோ, நமக்கென்ன" என்று. நமக்கென்ன என்று ஆரம்பித்தால் முழுசையும் பேசப் போகிறோம் என்று அர்த்தம்.

அவர் மனைவி பேக்கரியில் பொட்டலம் கட்டுகிறவள். சாயங்காலம் மிஞ்சின பன்னில் எனக்கும் இரண்டு கொண்டுவருவாள். படியில் உட்கார்ந்து டீயில் தொட்டுத் தின்போம். அப்படித் தின்றபோதுதான் விரிப்பு மடிக்கிற கதையைச் சொன்னாள்.

கல்யாணமான புதுசில் அவர்தான் அவளுக்குப் படுக்கை விரிப்பு மடிக்கக் கற்றுக்கொடுத்தாராம். அவர் கூடத்தில் ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு மடிக்கிறவர். இரண்டு பேர் எதிரெதிரே நிற்கவேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. விறைப்பாக இழுத்துப் பிடித்து, பாதியாக மடித்து, எட்டு வைத்துக் கிட்டே வந்து, தன் மூலையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து கீழே தொங்குகிற மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போகவேண்டும். மறுபடியும் கிட்டே.

"ஒரு விரிப்புக்கு நாலு தடவை கிட்ட வரணும்க்கா" என்றாள். "ஒவ்வொரு தடவையும் கை தொடும். அவர் கை எப்பவும் சூடா இருக்கும், இஸ்திரி போட்ட கை இல்லையா. நான் வேணும்னே வாரத்துக்கு மூணு விரிப்பு துவைப்பேன். மடிச்சு முடிச்சதும் சரியா வரலைன்னு உதறிடுவேன். அவருக்குத் தெரியும், நல்லாத்தான் வந்திருக்குன்னு. ஒண்ணும் சொல்ல மாட்டார். திரும்ப மூலையைப் பிடிச்சுக்குவார்."

"இப்ப?"

"இப்ப நானே மடிக்கிறேன். ஒரு பக்கத்தை மோவாய்ல கவ்விக்கிட்டு."

மூன்று வருஷம் அப்படி இருந்ததாம். நாலாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் விரிப்பை எடுத்துக்கொண்டு வந்தபோது, "நீயே மடிச்சுக்கோயேன்" என்றார். அடுத்த வாரமும் அதே. அவள் பிறகு கேட்கவில்லை. அதற்கப்புறம் கட்டிலில் பாதி ராத்திரிக்கு மேல் அவர் இருக்கமாட்டார். முன்னறையில் ஒரு மர நாற்காலி உண்டு, அதில் போய் உட்கார்ந்துகொள்வார். கொஞ்ச நாளில் சாப்பிட்டதுமே நாற்காலிக்குப் போக ஆரம்பித்தார். தலையணையும் அங்கே போயிற்று.

"குழந்தை ஏன் இல்லைன்னு என் தங்கச்சி போன் பண்ணும்போதெல்லாம் கேக்குறா" என்றாள் அவள், பன்னைப் பிய்த்தபடி. "நாற்காலியில குழந்தை பிறக்குமான்னு கேட்டேன். அவளும் சிரிச்சா, நானும் சிரிச்சேன்." சிரித்த முகமாக அது எனக்குத் தெரியவில்லை.

முதுகு வலி என்று அவர் சொல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சொன்ன அழகு இருக்கிறதே. "கொஞ்சம் பிடிச்சிருக்கு" என்பார். அவ்வளவுதான். தெருமுனை டாக்டர் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கதவைத் திறப்பார். இவர் சலவைக்கூடத்தில் பத்து மணி நேரம் நீராவியில் நின்று, கூடத்திலேயே வெந்நீரில் குளித்து, தானே தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நிற்பார். ஊரிலேயே நன்றாகத் தேய்த்த சட்டை அவருடையதுதான். டாக்டர் குனியச் சொன்னால் ஓரளவு குனிவார். "நல்லாத்தானே இருக்கீங்க. கனம் தூக்காதீங்க, ரெஸ்ட் எடுங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுப்பார் டாக்டர். படம் எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. எட்டு வருஷத்தில் நாலு டாக்டர். நாலு பேரும் சாயங்கால டாக்டர்கள். ஒருத்தர் மட்டும், "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாராம். அதை அவர் வீட்டில் வந்து வேறு சொன்னார். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்த ரெஸ்ட்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. போன வருஷம் ஒரு வாரம் விடுப்பு எடுக்கச் சொன்னார்கள். அவளும் பேக்கரியில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் லீவு வாங்கினாள். என்னிடம் வந்து சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ஒரு வாரம்க்கா, முழுசா வீட்ல இருக்கப்போறார்." முட்டை வாங்கினாள், கோழி வாங்கினாள், புதுத் தலையணை உறை தைத்தாள்.

முதல் நாளே சிடுசிடுப்பு. இரண்டாம் நாள் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே அரை மணி நேரம். சூப் கொண்டுபோய் வைத்தால், "வச்சுட்டுப் போயேன்" என்றார். தோளில் கை வைத்தாள், தட்டிவிட்டார். மூன்றாம் நாள் பேச்சே இல்லை. அஞ்சாம் நாள் காலையில் அவள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வரும்போது என் ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி விசிலடித்துக்கொண்டு வந்தார்.

"விசில்க்கா" என்றாள் அவள். "என்கூட அஞ்சு நாள் இருந்ததுக்கு அந்த மூஞ்சி. அங்க ஒரு நாள் போயிட்டு வந்ததுக்கு விசில்."

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அதுதான் எனக்கு ஆகாதே. "ஆம்பளைக்கு வீட்ல இருந்தா வலி, வெளிய போனா சரியாயிடுதுன்னா, வலி முதுகுல இல்லம்மா" என்றேன். ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. "உன் தங்கச்சி வீட்டுக்குப் போ. மூணு மாசம் இருந்து பார். தேடிக்கிட்டு வந்தா வரட்டும்."

அவள் உடனே போகவில்லை. ஒரு வருஷம் யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமைகூட அவர் பாய்லர் கழுவுகிறேன் என்று கூடத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். அப்புறம் ஒரு புதன்கிழமை பையில் நாலு புடவையும் பற்பசையும் எடுத்து வைத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கிவிட்டாள். அன்றைக்குப் பார்த்துத்தான் அவருக்குக் கண் சிவந்தது.

கண் சிவப்பது புதுசில்லை. இரண்டு தடவை வந்திருக்கிறது. ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது. "நீராவி பட்டிருக்கும்" என்று கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொள்வார். இந்தத் தடவை வெளிச்சத்தையே பார்க்க முடியவில்லை, கண்ணில் நீராகக் கொட்டியது. கூடத்திலிருந்து கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கண்பாப்பாவைப் பெரிதாக்குகிற மருந்து விட்டதால் தனியாகத் திரும்பி வர முடியாது, வீட்டிலிருந்து யாராவது வாருங்கள் என்று இவளுக்குப் போன். அவள் பையோடு போனாள். கண் ஆஸ்பத்திரியில் அவரை அழைத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அப்படியே பஸ் நிலையத்துக்குப் போய்விடலாம் என்று கணக்கு.

அங்கே நடந்ததை அவள் என்னிடம் நாலைந்து தடவை சொல்லிவிட்டாள். ஒரு தடவைகூட ஒரு வார்த்தை மாறவில்லை, அதனால் நம்புகிறேன்.

டாக்டர் பார்த்து முடித்த பிறகு ஒரு நர்ஸ் கையில் ஒரு தாளோடு வந்து உட்கார்ந்தார். கண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"முதுகு வலி இருக்கா உங்களுக்கு?"

"கண்ணுதானே வலிக்குது, முதுகை ஏன் கேக்குறீங்க?" என்றார் இவர்.

"கேக்கச் சொல்லியிருக்காங்க. இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கொஞ்சம் பிடிச்சிருக்கும். வேலை செஞ்சா சரியாயிடும்."

நர்ஸ் பேனாவை நிறுத்தினார். "வேலை செஞ்சா கூடுமா, குறையுமா?"

"குறையும். அதான் சொல்றேனே, அதெல்லாம் ஒரு வலியா? மூட்டை தூக்குறவன் கேட்டா சிரிப்பான்."

"காலையில எழுந்தா எவ்வளவு நேரம் பிடிப்பு இருக்கும்?"

"அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷம்."

"ஒண்ணரை மணி நேரம்" என்றாள் அவள்.

அதுவரை அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஏன் வாயைத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பொய் சொன்னது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நர்ஸ் அவள் பக்கம் திரும்பினார்.

"ராத்திரி தூக்கத்துல வலியில எழுந்திருக்காராம்மா?"

"வலியிலயான்னு தெரியாது. எழுந்திருப்பார். மூணரைக்கு. சில நாள் மூணே காலுக்கு. குளிர் காலத்துல இன்னும் சீக்கிரம். எழுந்து நடப்பார். அடுப்படியிலேருந்து வாசக் கதவு வரைக்கும் பதினாறு அடி. திரும்பி வரும்போது பதினெட்டு, நாற்காலியைச் சுத்தி வரணும். முப்பது நாப்பது தடவை நடப்பார். அப்புறம் குளியலறைக்குப் போய் வெந்நீரைத் திறந்துவிட்டுக்கிட்டு நிப்பார்."

"எண்ணியிருக்கீங்க."

"யாரோடயாவது பேசுறாரான்னு காது குடுத்துக்கிட்டே இருப்பேன். பேசினதே இல்ல. வேற என்ன பண்றது, அடியை எண்ணுவேன்."

அப்போதுதான் அவர் திரும்பினாராம். காலை நகர்த்தி, இடுப்பை நகர்த்தி, ஆளே மொத்தமாக. கண் இரண்டும் மருந்தில் விரிந்து கிடக்க, அவளை எங்கே இருக்கிறாள் என்று தேடுகிற மாதிரி.

"நீ முழிச்சிருந்தியா?"

"தினமும்."

"எத்தனை வருஷமா?"

"நீங்க எத்தனை வருஷமா நடக்குறீங்களோ அத்தனை வருஷமா."

"நீ தூங்குறேன்னு நினைச்சுத்தான்டி செருப்பில்லாம நடந்தேன்."

 நர்ஸ் தாளில் வரிசையாக எழுதினாராம். எழுதிக்கொண்டே சொன்னார்: "முன்னாடியெல்லாம் நாங்க கண்ணைப் பார்த்து மருந்து குடுத்து அனுப்பிடுவோம். முதுகைப் பார்க்குறவங்க முதுகை மட்டும் பார்த்து அனுப்பிடுவாங்க. ஒரே ஆள்தான் ரெண்டையும் தூக்கிட்டு அலையுறார்னு யாரும் கேக்குறதில்ல. இப்ப நாங்களும், பெரிய ஆஸ்பத்திரி மூட்டுப் பிரிவும், உடற்பயிற்சி சொல்லித் தர்ற இடமும் சேர்ந்து ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம். இந்த மாதிரி கண் சிவந்து வந்தா இந்தக் கேள்வியெல்லாம் கேக்கணும். ஆமான்னா தாள் நேரா அங்க போயிடும். சும்மா போனீங்கன்னா ஏழெட்டு மாசம் காத்திருக்கணும். இந்தத் தாளோட போனா ரெண்டு வாரத்துல கூப்பிடுவாங்க."

"அப்ப இது என்ன நோய்?" என்று அவள் கேட்டாள்.

"அதை அவங்கதான் சொல்லணும். ஆனா உங்களைக் கேக்காம விட்டிருந்தா நான் இல்லைன்னு எழுதி மூடியிருப்பேன்."

ஆட்டோவில் இரண்டு பேரும் ஏறினார்கள். பை நடுவில். "எங்க கிளம்பின பையோட?" என்று பாதி வழியில் கேட்டாராம். "தங்கச்சி வீட்டுக்கு" என்றாள். "எப்ப வருவே?" அவள் பையின் வாரை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள். பஸ் அவள் இல்லாமல் போயிற்று. ஆனால் பையைப் பிரிக்கவில்லை. "தாள் என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டுப் போறேன்க்கா" என்றாள் என்னிடம். வலி முதுகில்தான் என்று தெரிந்தால் இருப்பாள். இல்லை என்றால் போய்விடுவாள். அவ்வளவுதான் அவள் வைத்த நிபந்தனை, அதுவும் அவருக்குத் தெரியாமல்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. தேதி, நேரம், அறை எண், கீழே ஒரு வரி கையால் எழுதியிருந்தது: காலையில் எழுந்த கோலத்தில், குளிக்காமல், வலி மாத்திரை போடாமல், வேலைக்குப் போகாமல் வரவும்.

இவருக்குக் கோபம் வந்ததே ஒரு கோபம். "குளிக்காம எப்படிப் போறது? சட்டை தேய்க்கக் கூடாதுன்னுகூட எழுதுவாங்களா?" அந்த ஒரு வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். எட்டு வருஷத்தில் அவருடைய காலையைப் பார்க்கவேண்டும் என்று கேட்ட முதல் ஆள் யாரோ.

நான் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு அவர்களோடு போனேன். குற்ற உணர்ச்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்குக் கீழே இறங்கினேன். அதுவரை அந்த மனிதருடைய காலையை நானும் பார்த்ததில்லை, காலடிச் சத்தம்தான் கேட்டிருக்கிறேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. அவள் தரையில் மண்டியிட்டு அவருக்குக் காலுறை மாட்டி, ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா பாக்குறாங்க" என்றார் அவர்.

"பாக்கட்டும். தினமும் யார் கட்டுறது இதை?"

"நான்தான்."

"எப்படி?"

"கட்டில் மேல காலை வச்சு, ஒரு பத்து நிமிஷம் ஆகும். நீ அப்ப அடுப்படியில இருப்பே."

அவள் முடிச்சை இழுத்துக் கட்டினாள். பஸ் படி ஏறுவதற்கு என் தோளைப் பிடித்துக்கொண்டார். கசங்கின சட்டை, சீவாத தலை. பஸ்ஸில் அவரைத் தெரிந்த ஒருத்தர், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். எட்டு வருஷமாக ஒருத்தரும் கேட்காத கேள்வி, சட்டை கசங்கினதும் வந்துவிட்டது.

மூட்டு டாக்டர் சின்ன வயசுப் பெண். குனியச் சொன்னார். இவர் கை முழங்காலுக்குக் கீழே போகவில்லை. நாடாவை வைத்து அளந்தார். பிறகு சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னார். குதிகால் ஒட்டியது, பின்பக்கம் ஒட்டியது.

"தலையும் சுவர்ல படட்டும்."

"படுது டாக்டர்."

படவில்லை. தலைக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் போகும். அவர் படுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து நிற்பது எப்படி இருக்கும் என்பதே மறந்து போயிருக்கிறது மனிதருக்கு. அந்த இடைவெளியை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கஞ்சி என்று நான் வாய் கொழுத்துச் சிரித்தது அங்கேதான் இருந்தது.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி?"

"எங்கப்பா கூன் விழுந்துதான் போனார். வயசாயிடுச்சுன்னு நினைச்சோம்."

"என்ன வயசு?"

"ஐம்பத்தொண்ணு."

டாக்டர் எழுதிக்கொண்டார். ரத்தம் எடுத்தார்கள், அன்றைக்கே ஸ்கேனுக்கும் அனுப்பினார்கள். அடுத்த வாரம் போனபோது விஷயத்தைச் சொன்னார். முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி. உள்ளே நெருப்பு மாதிரி கனன்று கனன்று எலும்போடு எலும்பை ஒட்ட வைத்துவிடுமாம். படுத்தால் கூடும், நடந்தால் குறையும், சூடு பட்டால் இதமாக இருக்கும். கண்ணையும் தொடும்.

"அப்ப ரெஸ்ட்?" என்று கேட்டாள் அவள்.

"இதுக்கு ரெஸ்ட் எதிரி. மத்த முதுகு வலிக்குச் சொல்ற எல்லாமே இதுக்குத் தலைகீழ்."

"வீட்ல படுத்திருந்தா வலிக்கும். வேலைக்குப் போனா சரியாயிடும்."

"ஆமா. அதுதான் இந்த நோய்."

அவள் இரண்டாம் முறை கேட்டாள். ஒவ்வொரு வார்த்தையாக, பேக்கரியில் நூல் கட்டுகிற மாதிரி. "வீட்ல இருந்தா வலிக்கும். அது நோய். வீட்டைப் பிடிக்காததால இல்ல."

டாக்டர் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா."

அவள் அழுதாள். ஆஸ்பத்திரியில் நல்ல செய்திக்கு அழுகிறவர்கள் உண்டு, கெட்ட செய்திக்கு அழுகிறவர்கள் உண்டு. அவள் எதற்கு அழுதாள் என்று டாக்டருக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. நானும் அழுதேன், ஆனால் வேறு காரணத்துக்கு.

"இதை ஏன்டா முன்னாடியே..." என்று நான் அவரைத் திட்ட ஆரம்பித்தேன். டாக்டர்தான் கையைக் காட்டி நிறுத்தினார். "அவர் சொல்லியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டோம். எட்டு வருஷம்ங்கிறது இந்த நோய்க்கு அதிசயமில்ல. அதைக் குறைக்கத்தான் அந்தத் தாள்." பிறகு அவரிடம், "ஊசி ஆரம்பிக்கலாம். ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. கூடவே பயிற்சி. வலி நல்லாவே குறையும். ஆனா ஒண்ணு, கழுத்துல ஒட்டினது ஒட்டினதுதான். அது திரும்பாது. முன்னாடியே வந்திருந்தா அதையும் காப்பாத்தியிருக்கலாம்."

"இருக்குறது போதும் டாக்டர்" என்றார் இவர்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பையைப் பிரித்தாள். பற்பசை டியூபைக் குளியலறையில் வைக்கும்போது, "அன்னைக்கு நான் போயிருந்தா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நான் காலிப் பையை மடித்துக்கொண்டே நின்றேன். போகச் சொன்னவள் நான் இல்லையா.

ஊசி உடனே மாயம் செய்யவில்லை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு நடை முப்பது தடவையிலிருந்து பத்துக்கு வந்தது. ஆறாவதுக்குப் பிறகு ஒரு நாள் எனக்குத் தூக்கம் கலைந்து, என்னவோ குறைகிறதே என்று படுத்தபடி யோசித்தேன். கீழே சத்தமே இல்லை. அன்றைக்கு அவள் பன் கொண்டுவந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை, இந்த ஒரு தடவையாவது. அவளே சொன்னாள்.

"தலையணை கட்டிலுக்கு வந்துடுச்சு."

"ம்."

"நான் வழக்கம்போல வலது பக்கம் படுத்தேன். அவரால இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியலை. இடது பக்கம்தான் கழுத்து கொஞ்சம் போகுது." டீயைக் குடித்தாள். "இடம் மாறிப் படுத்துட்டேன்."

நான் கஞ்சி என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். தெரு நிறுத்தவில்லை. நான் கொளுத்திப் போட்டது, அணைக்க என்னால் ஆகவில்லை. யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிறேன். "உனக்கென்னக்கா திடீர்னு?" என்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். நல்ல வெயில், லேசான காற்று. அவர் கைப்பிடிச் சுவரோரம் நின்று பயிற்சி செய்துகொண்டிருந்தார். பாய்லர் கழுவுகிற வேலையை விட்டுவிட்டார். அவள் கொடியிலிருந்து விரிப்பை உருவினாள். ஒரு பக்கத்தை மோவாயில் கவ்வப் போனவள் அப்படியே நின்றாள்.

அவர் ஆளே மொத்தமாகத் திரும்பி, வந்து, எதிரில் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னால குனிய முடியாது" என்றார்.

"நீங்க நில்லுங்க. நான் குனியறேன்."

இழுத்துப் பிடித்தார்கள். பாதியாக மடித்தார்கள். அவள் எட்டு வைத்துக் கிட்டே வந்து தன் மூலைகளை அவர் கையில் கொடுத்தாள், குனிந்து தொங்கின மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். மறுபடி வந்தாள். அவள் தன் இடதுபக்கமாக வருகிற மாதிரி அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார், அப்போதுதான் வருவது தெரியும். எட்டு வருஷமாக மடிக்காத ஜோடி என்று யாரும் சொல்ல முடியாது. நாலாவது தடவை கிட்டே வந்தபோது விரிப்பு ஒரு புத்தகம் அளவுக்கு ஆகியிருந்தது. மூலைக்கு மூலை பிசகாமல் நின்றது.

அவள் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"சரியா வரலை" என்று உதறிப் பிரித்தாள்.

ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு மடிக்கிறவர் அவர். ஒன்றும் சொல்லவில்லை. காற்றில் பறந்த இரண்டு மூலையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

நான் என் துணியைப் பாதியிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன்.